உப்புக் கரிக்காத தூண்

பகலில் பேய் வராது என்று உங்களுக்கு யார் சொல்லி வைத்தார்களோ, அவர்களை ஒரு சனிக்கிழமை உச்சி வேளையில் பழந்துறைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். இது நடந்தது, கண்ணுகளா. நான் கட்டிச் சொல்லவில்லை. யாருக்கு நடந்ததோ அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சித்திரை வெயிலில் உட்கார்ந்துதான் சொன்னாள். அவள் கை மட்டும் ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வேண்டாம். இதில் இருட்டே கிடையாது.

அவள் பெயர் இஞ்ஞாசியம்மாள்.

பழந்துறை என்பது தாமிரபரணி கடலில் விழுகிற முகத்துவாரத்துக்குப் பக்கம். புன்னக்காயலிலிருந்து கரையோரமாகவே நடந்து போய்விடலாம். கடலை நம்பிப் பிழைக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள். ஊர் நடுவில் ஒரு மரக்கோயில். மாதா கோயில்தான், ஆனால் கல் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, ஒரு இரும்பாணிகூடக் கிடையாது. தோணியைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி கூரை. மரத்தோடு மரத்தை மரமுளை அடித்தே இணைத்திருந்தார்கள். தரையில் மணல். கூரையைத் தாங்கப் பன்னிரண்டு தூண்கள். போர்த்துக்கீசியப் பாதிரியார்கள் வந்த காலத்துக் கோயில் என்பார்கள் சிலர். அவர்கள் வந்து இறங்கும்போதே நின்றது என்பார்கள் சிலர்.

அந்தத் தூண்களுக்கு ஒரு முறைமை இருந்தது. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை என்றால், அவன் தோணியின் மரம் ஏதாவது கரை ஒதுங்குகிறதா என்று ஊர் காத்திருக்கும். ஒதுங்கினால், அந்த மரத்துக்கு வெள்ளைத்துணி போர்த்தி, ஒரு சவத்துக்குச் செய்கிற எல்லாச் செபமும் செய்வார்கள். ஆனால் குழியில் இறக்க மாட்டார்கள். கோயிலுக்குள் தூணாக நிறுத்திவிடுவார்கள். பன்னிரண்டில் ஆக மூத்த தூணை அன்றைக்குப் பிடுங்கிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வார்கள். அதனால் அந்த ஊரில் அப்படிப் போனவர்களை யாரும் செத்தார் என்று சொல்வதில்லை. 'அவர் கோயில்ல நிக்காரு' என்றுதான் சொல்வார்கள்.

கட்டுப்பாடு ஒன்றே ஒன்று. கடல் கொடுத்த மரம்தான் உள்ளே வரலாம். ஆறு கொடுத்த மரம் வரக்கூடாது. ஆற்றில் ஏதாவது மரம் தென்பட்டால் அதைக் கடலுக்கு இழுத்துப்போய் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். ஏன் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் நவம்பர் மாதம் ஆற்றில் வெள்ளம் வந்ததே, நினைவிருக்கிறதா? பாபநாசத்திலிருந்து கடல் வரைக்கும் அறுத்துக்கொண்டு வந்த வெள்ளம். அந்த நேரத்தில்தான் இஞ்ஞாசியம்மாளின் புருஷன் டைட்டஸ் தன் சின்ன வள்ளத்தில் தனியாகக் கடலுக்குப் போனான். திரும்பவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு டைட்டஸின் அண்ணன் பாக்கியசீலன் ஒரு நீள மரத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அவர்தான் அந்தக் கோயிலின் கோயில்பிள்ளை. கதவு திறப்பது, மணி அடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மரத்தில் அவர்கள் குடும்பத்து அடையாளம், இரட்டைக் குருசு, வெட்டியிருந்தது. ஊர் பார்த்தது. அழுதது. வாசலுக்கு வலப்பக்கம் டைட்டஸ் நின்றான்.

இஞ்ஞாசியம்மாளுக்கு அப்போது வயது இருபத்தேழு. பிள்ளை இல்லை.

சனிக்கிழமைதோறும் உச்சி மணி அடித்ததும் பெண்கள் உள்ளே போய் அவரவர் தூணுக்குச் சுறா எண்ணெய் தடவுவார்கள். தோணிக்குத் தடவுகிற அதே எண்ணெய். கறையான் அண்டாது, உப்புக்காற்று அரிக்காது. தடவிக்கொண்டே வீட்டுக் கதையெல்லாம் தூணிடம் சொல்வார்கள். திட்டுவார்கள். சிரிப்பார்கள். ஆண்கள் அந்த நேரத்தில் உள்ளே வரக்கூடாது.

இஞ்ஞாசியம்மாளின் தூண் மட்டும் எண்ணெயைக் குடித்தது.

மற்றத் தூண்களில் தடவினால் மினுமினுவென்று மேலே நிற்கும். இதில் கை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். ஒரு டின் ஊற்றினாலும் அப்படித்தான்.

பக்கத்துத் தூண்காரி சாரம்மாள் கேலி செய்வாள். "ஏட்டி இஞ்ஞாசி, உன் மாப்பிள்ளை இருந்தப்பவும் குடிச்சான், நின்ன பொறவும் குடிக்கான் பாரு! எங்க வீட்டுக்காரரு ஒரு கரண்டிக்கே ஏப்பம் விடுதாரு."

"போங்க மைனி. கடல்ல கெடந்த களைப்பு அவுகளுக்கு" என்பாள் இவள். பெருமையாகத்தான் சொல்வாள்.

தூணில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சாப்பிட்டியளா?" பிறகு மற்றதெல்லாம். ஒருநாள் மெதுவாகக் கேட்டாள். "நான் பேசுதது கேக்கா?"

டொக்.

மரத்துக்குள்ளிருந்து. ஒரே ஒரு தட்டு.

அவள் பயப்படவில்லை. அழுதாள். அதிலிருந்து எது கேட்டாலும், ஆமாம் என்றால் ஒரு தட்டு. இல்லை என்றால் சத்தம் வராது. இன்னொன்றும் உண்டு. அவள் சாய்ந்திருக்கும்போது மரம் ஈரமாகும். நெற்றியிலிருந்து வழிந்து உதட்டுக்கு வரும். அவரும் அழுகிறார் என்று நினைத்துக்கொள்வாள். நாக்கில் பட்டபோது ஒரு தடவை திடுக்கிட்டாள்.

உப்புக் கரிக்கவில்லை.

கண்ணீரும் உப்புத்தான். கடலும் உப்புத்தான். இது நல்லதண்ணீர். ஆற்றில் அள்ளிக் குடிக்கிற அதே ருசி. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. மனசின் ஒரு மூலையில் போட்டு வைத்தாள்.

இடையில் மணப்பாட்டிலிருந்து ஒருவர் பெண் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர், நல்ல மனுஷன். சாரம்மாள்கூட, கட்டிக்கொள் என்றாள். இஞ்ஞாசியம்மாள் பாக்கியசீலனிடம் கேட்டாள். "நிக்கவன் மனசு நோகும்லா" என்றார் அவர். தூணிடம் கேட்டாள். "போகட்டுமா?"

தட்டு வரவில்லை. தண்ணீர் மட்டும் வந்தது. நிற்காமல் வந்தது. அவள் போகவில்லை.

இப்படி ஐந்து வருஷம்.

தொண்ணூற்றேழில் கூரை ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் கட்டலாம் என்று ஊரில் பாதிப் பேர். கூடாது என்று பாதிப் பேர். பங்குச் சாமியார் பாளையங்கோட்டையிலிருந்து சித்ரலேகா என்ற கல்லூரி ஆசிரியையை வரவழைத்தார். பழைய மரக்கட்டடங்களைப் பிரிக்காமல் காப்பாற்றுவது எப்படி என்று படித்து வந்தவள். முப்பது வயது இருக்கும். ஒவ்வொரு தூணையும் பார்ப்பாள். எது உறுதி, எது உளுத்தது என்று சொல்வாள். உளுத்ததை மாற்றி மற்றதை நிறுத்திவிட்டால் கோயில் பிழைக்கும்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்தே இஞ்ஞாசியம்மாள் கோயிலில்தான் நின்றாள். தன் தூணை உளுத்தது என்று சொல்லிவிட்டால்? வயது மூத்துப் போவது வேறு. ஐந்தே வருஷத்தில் பிடுங்கிப் போட்டால் அவர் எங்கே நிற்பார்? அவளுக்கு இருந்தது அந்த ஒரு தூண்தானே, கண்ணுகளா.

சித்ரலேகா மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தூணும் 'டங்' என்றது. இவள் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"டீச்சர், எங்க வீட்டுக்காரரை நோகாமத் தட்டுங்க."

சித்ரலேகா சிரிக்கவில்லை. "பையத் தட்டுதேன்க்கா" என்றாள்.

தட்டினாள். 'பொத்' என்றது.

"உள்ள பொள்ளலா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மறுபடி தட்டினாள். மூன்று தடவை.

பொத். பொத். பொத்.

உள்ளே இருந்து திரும்பி வந்தது.

டொக். டொக். டொக்...

டொக்.

சித்ரலேகாவின் கை அப்படியே நின்றது. "எதிரொலி" என்றாள். யாரும் அவளிடம் கேட்கவே இல்லை.

அடியில் மண்டியிட்டு, படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினாள். கண்ணாடி வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். எழுந்தவள் இஞ்ஞாசியம்மாள் முகத்தைப் பார்க்காமல் கருவிகளைப் பையில் வைத்தாள்.

"என்ன டீச்சர்? சொல்லுங்க."

"அக்கா... இந்தக் குருசு அடையாளம் யார் வெட்டினது?"

"வள்ளம் கட்டும்போதே வெட்டுவாக."

"இது அப்படி வெட்டினது இல்லக்கா. மரம் ரொம்பப் பழசாகி, மேல் தோலெல்லாம் செதிலா உரிஞ்ச பொறவு வெட்டியிருக்கு. வெட்டு மட்டும் புதுசு." வெடிப்பில் விரலை வைத்தாள். "வெடிப்புக்குள்ள பாருங்க. சாம்பல் நிறத்துல இருக்குல்லா? ஆத்துக் களிமண். இது கடல்ல மிதந்து வந்த மரம் இல்ல. எத்தனையோ காலம் ஆத்துக்கு அடியில புதைஞ்சு கெடந்த மரம். உங்க வீட்டுக்காரர் வள்ளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாதுக்கா. என்னை மன்னிச்சிடுங்க."

மனசின் மூலையில் போட்டு வைத்திருந்த நல்லதண்ணீர் இஞ்ஞாசியம்மாளின் நாக்குக்கு வந்தது.

இரண்டு தூண்களை இறக்க வேண்டும், அதில் இது ஒன்று என்று முடிவானது. அந்தச் சனிக்கிழமை எண்ணெய் வேண்டாம் என்று சாமியார் சொல்லிவிட்டார். சித்ரலேகாவும் ஆட்களும் கயிறும் கப்பியும் கொண்டுவரப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தார்கள். கோயிலில் ஒருவரும் இல்லை. உச்சி மணி அடிக்கப் பாக்கியசீலன் மட்டும் வாசலில் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

இஞ்ஞாசியம்மாள் எண்ணெய் டின்னோடு வந்தாள்.

"அத்தான், அந்த மரம் எங்க கெடந்துச்சு?"

"கரையிலதான். ஊரே பார்த்துச்சே."

"ஊர் பார்த்தது நீங்க கொண்டாந்த பொறவு. கெடந்த எடத்தைக் கேக்கேன்."

பாக்கியசீலன் கடலைப் பார்த்தார். "முகத்துவாரத்துல. வெள்ளம் அறுத்த பள்ளத்துல."

"ஆத்து மரத்தையா உள்ள கொண்டாந்தீய? கோயில்பிள்ளையா இருந்துக்கிட்டு?"

அவர் கயிற்றை இறுக்கிப் பிடித்தார்.

"அப்ப அவுக மரம் எங்க? அவுக எங்க அத்தான்?"

அவர் கயிற்றை விட்டார்.

"இருக்கான்."

ஒரே சொல்.

"கொல்லம் பக்கத்துல ஒருத்திகூட இருக்கான். வெள்ளத்துக்கு முந்தின நாளே வள்ளத்தோட போயிட்டான். ஓடிப்போனவன் அண்ணன் வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான், சொல்லு? என் மகளுக்கு அப்பதான் கல்யாணம் பேசி வச்சிருந்தேன். செத்தவன் அண்ணன்னா ஊரே தோள் குடுக்கும். உன்னையும்தான் ஊர் மதிச்சுது, நிக்கவர் பெண்டாட்டின்னு..."

"மணப்பாட்டுக்காரரு வந்தப்ப உங்ககிட்டதான் வந்து கேட்டேன்." அவள் குரல் உயரவே இல்லை. "நிக்கவன் மனசு நோகும்னு சொன்னியளே அத்தான்."

பாக்கியசீலன் மறுபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள அவருக்கு வேறு எதுவும் இல்லை.

அவள் உள்ளே போனாள்.

இனிமேல்தான், ராசாத்திகளா, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

வெளியே மணி பன்னிரண்டு. வெயில் வாசல்படி வரைக்கும் வந்து நின்றது. முதல் மணி விழுந்தது. வழக்கமாக மணிச் சத்தத்தில் கூரை அதிரும், புறாக்கள் படபடக்கும். அன்றைக்குப் புறா இல்லை. மணல்மேல் அவள் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

தூண் நின்றது. ஏற்கெனவே நனைந்திருந்தது. அவள் இன்னும் தொடவே இல்லை.

எட்டி நின்று கேட்டாள். "நீ யாரு?"

தண்ணீர் வழிந்தது.

"அஞ்சு வருஷமா யாருகிட்ட நான் அழுதேன்? என் வீட்டுச் சங்கதி அம்புட்டையும் கேட்டியே. நான் அவுக இல்லன்னு ஒரு தட்டு தட்டியிருக்கலாம்லா?"

கிர்ர்ர்...

தோணி தண்ணீரில் அசைகிற சத்தம். கட்டடம் அசையவில்லை.

கிர்ர்ர்...

அவள் நெற்றி சாய்கிற இடத்தில் மரம் லேசாக விம்மியது. அடங்கியது. மூச்சு விடுகிற மாதிரி. குளிர்ந்த காற்று அவள் முகத்தில் பட்டது. சுறா எண்ணெய் வாடை.

பிறகு ஒரு குரல்.

பேசிப் பழகாத குரல். கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்ட குரல்.

"சாப்... பிட்டியா?"

அவள் கையிலிருந்த டின் நழுவியது.

இந்த ஐந்து வருஷத்தில் அவளை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. அதை நினைத்தபோதுதான் அவளுக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது. இதன்மேல் இல்லை. எங்கேயோ ஒரு வீட்டில், இந்த நேரத்தில், இன்னொருத்தி பரிமாற உட்கார்ந்து சாப்பிடுகிறானே, அவன்மேல்.

"அவன் பேர்ல நீ நின்னியே..." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "போதும். இனி உன் எடத்துல அவன் நிக்கட்டும்."

மணி நின்றது.

டொக்.

ஆமாம்.

தண்ணீர் நின்றது. மரம் வெளுத்தது.

தூணின் அடியில் மணல் அமுங்கியது. ஒரு பாதம்.

ஈரமான பாதம். யாரும் இல்லை.

அதற்கு முன்னால் இன்னொன்று.

இன்னொன்று...

அவளைத் தாண்டிப் போயின. அவள் புடைவைத் தலைப்பு லேசாக நனைந்தது.

வாசல்.

வெளியே பாக்கியசீலன் கயிற்றோடு நின்றிருந்தார். இரண்டு பாதங்களும் அவருக்கு நேர் எதிரே நின்றன. அவரைப் பார்த்தபடி. மணலில் ஈரம் பரவிக்கொண்டே இருந்தது. அவர் வாய் திறந்திருந்தது.

பிறகு பாதங்கள் திரும்பின.

ஆற்றுப் பக்கம் போகவில்லை. கடல் பக்கமும் போகவில்லை.

மேற்கே போயின.

மறுநாளே பாக்கியசீலன் சாவியைச் சாமியாரிடம் கொடுத்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் தூண்களை இறக்கினார்கள். இன்னொரு தூணுக்கு எட்டு ஆள் வேண்டியிருந்தது. இதற்குக் கப்பிகூட வேண்டியிருக்கவில்லை. சித்ரலேகாவும் இஞ்ஞாசியம்மாளுமே தூக்கிவிட்டார்கள். வாழைச்சருகு கனம். ஐந்து வருஷ எண்ணெயில் ஒரு பொட்டு இல்லை. வெளியே கொண்டுவந்து கிடத்தும்போதே அது நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது.

சித்ரலேகா குனிந்து பார்த்தாள். கூப்பிட்டாள். "அக்கா, இங்கன வாங்க."

வெளிப்பக்கத்தில் இஞ்ஞாசியம்மாள் நெற்றி சாய்த்துச் சாய்த்து ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. அது அவளுக்கே தெரியும்.

அதற்கு நேராக, உள்பக்கத்திலும் ஒரு குழி இருந்தது.

நெற்றி அளவு. வழவழவென்று தேய்ந்து, பளபளத்தது. இரண்டு குழிக்கும் நடுவே வெற்றிலை கனம்தான் மரம் இருந்தது.

"வெளிய நீங்க சாஞ்சு தேஞ்சது சரிக்கா" என்றாள் சித்ரலேகா. "உள்ள..." பிளந்த இரண்டு பாதியையும் அவளே சேர்த்து வைத்து, ஒரு துணியால் மூடினாள்.

கோயில் பிழைத்துவிட்டது. புதுத் தேக்கு இரண்டைக் கடலில் முக்கி எடுத்து நட்டு, கூரையை நிமிர்த்தி, பழைய மரமுளைகளையே திரும்ப அடித்தார்கள். காங்கிரீட் பேச்சு அடங்கியது. பாக்கியசீலன் செய்த காரியம் சாமியார் காதுக்குப் போய், ஊருக்கும் தெரிந்தது. கேட்டவர்கள் எல்லாரும் ஒருநாள் வாய்மேல் கை வைத்தார்கள். மறுநாள் வலைக்குப் போய்விட்டார்கள். இஞ்ஞாசியம்மாளுக்குப் போக இடம் இல்லை. நிற்கிறவர் பெண்டாட்டியும் இல்லை, செத்தவர் பெண்டாட்டியும் இல்லை. சனிக்கிழமை மணி அடித்தால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் டைட்டஸின் வீட்டை விசாரித்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கறுப்புப் புடைவை. பெயர் ரெனிஷா என்றாள். ஊர், கொல்லம் பக்கத்துத் துறைமுகம்.

இஞ்ஞாசியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. அடிக்கக் கை ஓங்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பெண் செம்பை வாங்காமல் இவளையே வெறித்துப் பார்த்தாள்.

"நீங்க... அவரு பெண்டாட்டி இஞ்ஞாசியம்மாளா? உயிரோடயா இருக்கீங்க?"

"ஏன், எனக்கென்ன?"

"வெள்ளத்துல போயிட்டீங்கன்னு சொன்னாருக்கா. உடம்புகூட கெடைக்கலன்னு சொன்னாரு. வருஷா வருஷம் நவம்பர்ல உங்க ஆத்துமாவுக்குப் பூசை வச்சாரே. நானும் முட்டி போட்டு செபிச்சேனே..."

இஞ்ஞாசியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இவள் இங்கே அவனைத் தூணாக நிறுத்தி அழுதாள். அவன் அங்கே இவளைக் கொன்று பூசை வைத்தான். அவன் தெரிந்தே செய்தான். அதுதான் வித்தியாசம்.

"இப்ப எங்க அவுக?"

"செத்துட்டாருக்கா."

"எப்படி?"

ரெனிஷா அக்கம்பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு சனிக்கிழமை மத்தியானம். சோத்துல கை வச்சாரு. வெளியில யாரோ கூப்பிட்ட மாதிரி எந்திரிச்சாரு. வாசல் பக்கத்துச் சுவத்துல சாஞ்சு நின்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் உக்காரவே இல்ல. உக்காருங்கன்னு தோளைப் பிடிச்சு அமுக்கினா முட்டி மடங்கல. படுக்க வச்சா கத்துதாரு. மூணு நாள்... நின்னுக்கிட்டே இருந்தாரு. நின்னுக்கிட்டேதான் போனாரு."

இஞ்ஞாசியம்மாள் கையிலிருந்த செம்பைத் தரையில் வைத்தாள்.

"அது மட்டும் இல்லக்கா. குளிப்பாட்ட வந்த பொம்பளைங்க பயந்து ஓடிட்டாங்க. உடம்புலருந்து எண்ணெய் வழியுது. துடைக்கத் துடைக்க வழியுது. போர்த்தின துணி சொட்டச் சொட்ட நனைஞ்சு போச்சு. பெட்டியில வச்ச பொறவும் பலகை வழியா ஒழுகுச்சு." மூக்கைப் புடைவையால் மூடிக்கொண்டாள். இப்போதும் அந்த வாடை வருகிற மாதிரி. "சுறா எண்ணெய்க்கா. எங்க வீட்டுல சுறா எண்ணெயே கெடையாது."

உச்சி மணி அடித்தது. அன்றைக்கும் சனிக்கிழமைதான்.

சாமியார் பின்னால் ஒரு தடவை கேட்டாராம், புதுத் தூணுக்கு டைட்டஸ் பெயர் வைக்கலாமா என்று. இப்போதுதான் உண்மையாகவே செத்துவிட்டானே. வேண்டாம் என்றாள். உள்ளே போய்ப் பார்க்கவும் இல்லை.

அன்றைக்கு ரெனிஷாவை பஸ் ஏற்றிவிட்டு, எண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு அவள் முகத்துவாரத்துக்குப் போனாள். வெயில் கொளுத்தியது. ஆறு கடலோடு சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, தண்ணீர் இன்னும் நல்லதண்ணீராக இருக்கிற இடம். முழங்கால் வரை இறங்கினாள். தூணுக்குள் இருந்தது யாரென்றே தெரியாத ஒருவர். எந்தக் காலத்தவரோ, எந்த ஊரோ, அவருக்காகக் காத்திருந்து அழுதவள் யாரோ. இஞ்ஞாசியம்மாளின் வாழ்க்கையில் அவளைத் தவிக்க விட்டுப் போகாத ஒரே ஆள். அவரையும் அவளே அனுப்பிவிட்டாள்.

டின்னைக் கவிழ்த்தாள்.

"சாப்பிட்டியளா?" என்று கேட்டாள்.

எண்ணெய் தண்ணீரில் மிதக்க வேண்டும், கண்ணுகளா. சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அது. மினுமினுவென்று பரவி, அலையோடு போகவேண்டும்.

மிதக்கவில்லை.

ஊற்ற ஊற்ற... உள்ளே போய்க்கொண்டே இருந்தது.